மூக்கடைப்புக்கு மெடிக்கலில் மருந்து கேட்பதற்கு முன்

ஐப்பசி, கார்த்திகை அடைமழை தொடங்கிவிட்டால் நமதூரில் வீட்டுக்கு ஒருவராவது மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். மழை விட்டதும் ஈரச் சுவரில் பூஞ்சை படரும். தை மாதம் சம்பா அறுவடை வந்தால் திருநள்ளாறு, நெடுங்காடு பக்கமெல்லாம் நெல் தூசியும் வைக்கோல் தூசியும் பறக்கும். வாஞ்சூர், நாகூர் பகுதி மக்கள் துறைமுகத்து நிலக்கரித் தூசி பற்றிப் பல ஆண்டுகளாகக் குறை சொல்லி வருகிறார்கள். ஆக, காரைக்காலில் மூக்குத் தொந்தரவுக்கு எந்த மாதமும் விலக்கில்லை.

மூக்கு அடைத்தால் நாம் முதலில் போவது டாக்டரிடம் அல்ல, தெருமுனை மெடிக்கலுக்குத்தான். "அண்ணே, மூக்கு அடைச்சிருக்கு, ஏதாவது கொடுங்க" என்கிறோம். ஒரு சொட்டு மருந்து, நாலு மாத்திரை, சில நேரம் மூன்று நாளுக்கு ஆன்டிபயாடிக். காகித உறையில் போட்டு வாங்கி வந்துவிடுகிறோம்.

இப்படி மெடிக்கலுக்குப் போவதில் தவறில்லை. சாதாரண மூக்குத் தொந்தரவுகளில் பெரும்பாலானவை டாக்டரைப் பார்க்காமலேயே சரியாகக் கூடியவை. ஆனால் அந்த "ஏதாவது" என்ற சொல்லில்தான் ஆபத்து இருக்கிறது. யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன நோய் உள்ளது என்று நாம் சொல்வதில்லை. கூட்ட நேரத்தில் கடைக்காரரும் கேட்பதில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னால் மெடிக்கலிலேயே நல்ல ஆலோசனை கிடைக்கும். எதைச் சொல்ல வேண்டும், எதை வாங்கக் கூடாது, எப்போது நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

'எனக்கு சைனஸ் இருக்கு'

இப்படிச் சொல்லாதவர் குறைவு. உண்மையில் சைனஸ் எல்லோருக்கும் இருக்கிறது. அது நோயின் பெயர் அல்ல. நெற்றி, கன்னம், கண்களுக்கு இடைப்பட்ட பகுதி, மூக்கின் பின்பகுதி ஆகிய இடங்களில் எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளுக்குத்தான் சைனஸ் என்று பெயர். நாலு ஜோடி அறைகள். அவற்றில் ஊறும் சளி, சிறு துவாரங்கள் வழியாக மூக்குக்குள் வடிந்துவிடும். சளி பிடித்து மூக்கின் உட்தோல் வீங்கும்போது அந்தத் துவாரங்கள் அடைபடுகின்றன. வடிய வேண்டியது உள்ளே தேங்குகிறது. கன்னம் கனக்கிறது, குனிந்தால் நெற்றி வலிக்கிறது. இந்த வீக்கத்தைத்தான் டாக்டர்கள் சைனசைட்டிஸ் என்கிறார்கள்.

தலைவலி வந்தால் உடனே "சைனஸ் தலைவலி" என்று முடிவு கட்டுவதும் நம்மிடம் உள்ள பழக்கம். தங்களுக்கு சைனஸ் தலைவலி என்று நம்பிய 2,991 பேரைப் பரிசோதித்து 2004-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 88 விழுக்காட்டினருக்கு இருந்தது ஒற்றைத் தலைவலி வகை. மூக்கில் சளியோ அடைப்போ இல்லாமல் அடிக்கடி தலை வலிக்கிறது, வெளிச்சமும் சத்தமும் பிடிக்கவில்லை, வாந்தி வருகிறது என்றால் சைனஸ் மாத்திரை வாங்குவது வீண் செலவு. ஒற்றைத் தலைவலிக்கு வேறு சிகிச்சை இருக்கிறது. அதற்கு டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள்

மெடிக்கலுக்கு வரும் மூக்குத் தொந்தரவுகளைப் பெரும்பாலும் மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சாதாரண ஜலதோஷம். இது வைரஸால் வருவது. தொண்டைக் கரகரப்பில் தொடங்கும், மூக்கு ஒழுகும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், உடம்பு வலிக்கும். இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஏழு முதல் பத்து நாளில் தானாக அடங்கிவிடும். முதலில் தண்ணீராக வரும் சளி பிறகு கெட்டியாகி மஞ்சளாகவும் பச்சையாகவும் மாறுவது இயல்பு. கிருமியோடு உடம்பு போராடும்போது வெள்ளை அணுக்கள் சேர்வதால் வரும் நிறம் அது. பச்சைச் சளியைப் பார்த்ததும் ஆன்டிபயாடிக் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது, அலர்ஜி. அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கிலும் கண்ணிலும் அரிப்பு, குழாயைத் திறந்தது போல் தெளிந்த நீர். காய்ச்சல் இருக்காது. காலையில் எழுந்ததும், வீடு கூட்டும்போதும், பழைய துணி எடுக்கும்போதும் அதிகமாகும். வாரக் கணக்கில் நீடிக்கும். மெத்தை, தலையணைத் தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள், சுவர்ப் பூஞ்சை, கரப்பான் பூச்சி, பூனை முடி ஆகியவை முக்கியக் காரணங்கள். சாம்பிராணிப் புகை, ஊதுபத்தி, கொசுவர்த்தி, காட்டமான அத்தர் ஆகியவை அலர்ஜி உள்ள மூக்கை மேலும் கிளறிவிடும். வெள்ளி இரவு தவறாமல் சாம்பிராணி போடும் வீட்டில் ஒரு பிள்ளை ஓயாமல் தும்மினால், சில வாரங்கள் புகையை நிறுத்திப் பார்ப்பது மாத்திரையைவிட நல்ல வைத்தியமாக அமையலாம்.

மூன்றாவது, பாக்டீரியாவால் வரும் சைனஸ் தொற்று. நாம் நினைப்பதைவிட இது மிகக் குறைவு. பெரியவர்களுக்கு வரும் ஜலதோஷங்களில் நூற்றில் இரண்டு வரைதான் இப்படி மாறுகின்றன. அடையாளங்கள் மூன்று. பத்து நாளுக்கு மேலாகியும் கொஞ்சமும் குறையாமல் இருப்பது. தொடக்கத்திலிருந்தே 102 டிகிரிக்கு மேல் காய்ச்சலும், சீழ் போன்ற சளியும், முக வலியும் மூன்று நான்கு நாள் விடாமல் இருப்பது. ஐந்தாறு நாளில் குணமாகி வந்தவருக்குத் திடீரென்று மறுபடி காய்ச்சலும் வலியும் திரும்புவது. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் மெடிக்கலை விட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

சொட்டு மருந்தில் நாள் கணக்கு முக்கியம்

மூக்கடைப்புக்கு நாம் அதிகம் வாங்குவது நாசிவியான், ஓட்ரிவின் போன்ற சொட்டு மருந்துகள். ஆக்சிமெட்டசோலின், சைலோமெட்டசோலின் என்ற மருந்துகள் இவற்றில் உள்ளன. மூக்கின் உட்தோலில் விரிந்திருக்கும் இரத்தக் குழாய்களை இவை சுருக்குகின்றன. வீக்கம் வடிந்து சில நிமிடத்தில் மூக்கு திறந்துகொள்கிறது. இரவில் தூக்கம் வராமல் தவிப்பவருக்கு இது பெரிய நிம்மதி.

தொடர்ந்து போடும்போதுதான் சிக்கல். மருந்தின் வேகம் குறைந்ததும் இரத்தக் குழாய்கள் முன்பைவிட அதிகமாக விரிகின்றன. மூக்கு மறுபடி அடைக்கிறது, மறுபடி சொட்டு விடுகிறோம். நாளுக்கு இரண்டு தடவை என்பது நாலாகி, ஆறாகி, பாட்டில் இல்லாமல் தூங்க முடியாது என்ற நிலை வருகிறது. சளி எப்போதோ போயிருக்கும். இப்போது அடைப்பை உண்டாக்குவது மருந்தேதான். சட்டைப் பையில் மூக்குச் சொட்டு பாட்டிலோடு வருடக் கணக்கில் அலைபவர்கள் பலரும் இப்படிச் சிக்கியவர்கள்தான்.

எனவே கணக்கு இதுதான்: மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டாம். பாட்டில் தீரும்வரை போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டவர்கள் வெட்கப்பட வேண்டாம். மெடிக்கலில் உள்ள பார்மசிஸ்டிடமோ டாக்டரிடமோ வெளிப்படையாகச் சொல்லுங்கள். முதலில் ஒரு பக்க மூக்குக்கு மட்டும் நிறுத்தி, அது பழகிய பின் மறுபக்கத்துக்கும் நிறுத்தும் முறை உண்டு. கூடவே டாக்டர் ஆலோசனைப்படி ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீரும் உதவும். ஒன்றிரண்டு வாரம் சிரமமாக இருக்கும், பிறகு மூக்கு தன் இயல்புக்குத் திரும்பும்.

இன்னும் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் மருந்தின் அளவு வேறு. நாசிவியான் பெரியவர்களுக்கு 0.05 விழுக்காடு, குழந்தைகளுக்கு 0.025 விழுக்காடு. பெரியவர் பாட்டிலைப் பிள்ளைக்கு விடக் கூடாது. அடுத்து, ஓட்ரிவின் பெயரிலேயே வெறும் உப்புநீர் ஸ்ப்ரேயும் கடையில் உள்ளது. பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் எது கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. உள்ளே என்ன மருந்து என்று பார்த்து வாங்குங்கள். மூன்றாவது, இந்தப் பாட்டிலைப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிறு குழந்தை ஒன்றிரண்டு மில்லி விழுங்கினாலே மயக்கம், மூச்சுத் திணறல் வரை போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் எச்சரித்தது.

அலர்ஜிக்கு மாத்திரையா, ஸ்ப்ரேயா?

தும்மலும் அரிப்பும் முக்கியத் தொந்தரவு என்றால் செட்டிரிசின், லிவோசெட்டிரிசின், லோராடடின், ஃபெக்ஸோஃபெனடின் போன்ற மாத்திரைகள் பலன் தரும். இவற்றில் செட்டிரிசினும் லிவோசெட்டிரிசினும் சிலருக்குத் தூக்கம் வரவைக்கும். பழைய குளோர்ஃபெனிரமின் இன்னும் அதிகமாகத் தூக்கம் தரும். வண்டி ஓட்டுபவர், கடலுக்குப் போகிறவர், இயந்திரத்தில் வேலை செய்பவர் இதைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் சிரமமாகப் போகும் பெரியவர்களும், கண் அழுத்த நோய் உள்ளவர்களும் குளோர்ஃபெனிரமினைத் தவிர்ப்பது நல்லது.

மூக்கடைப்புடன் அலர்ஜி வாரக் கணக்கில் நீடித்தால் மாத்திரையைவிட ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் சிறந்தது. ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், புடெசொனைடு ஆகியவை அந்த வகை. ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதும் பலர் பயப்படுகிறார்கள். மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டுக்கும் மூக்குக்குள் அடிக்கும் இந்தச் சிறு அளவுக்கும் நிறைய வித்தியாசம். சொட்டு மருந்து போல் இது பழக்கமாவதும் இல்லை. ஆனால் உடனே வேலை செய்யாது. முழுப் பலன் தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் கூட ஆகும். இரண்டு நாள் அடித்துவிட்டு "கேட்கல" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம்.

அடிக்கும் முறையும் முக்கியம். பாட்டிலைக் குலுக்கி, தலையைச் சற்று முன்னால் சாய்த்து, வலது மூக்குக்கு இடது கையாலும் இடது மூக்குக்கு வலது கையாலும் பிடியுங்கள். முனை நடுத்தண்டைப் பார்க்காமல், அதே பக்கத்துக் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அடித்ததும் மெதுவாக உள்ளே இழுங்கள். பலமாக உறிஞ்சினால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். நடுத்தண்டில் நேராக அடிப்பவர்களுக்கு மூக்கில் இரத்தக் கசிவு வரும்.

லிவோசெட்டிரிசினோடு மான்டெலுகாஸ்ட் சேர்ந்த மாத்திரை இப்போது நம் பகுதியில் நிறைய விற்கிறது. மான்டெலுகாஸ்ட் சிலருக்கு மனச்சோர்வு, கெட்ட கனவு, எரிச்சல், தற்கொலை எண்ணம் வரை உண்டாக்கலாம் என்று 2020-ல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கை வைக்கப்பட்டது. டாக்டர் எழுதாமல் இதை நாமாக வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. டாக்டர் எழுதிச் சாப்பிடும் பிள்ளையின் நடத்தை மாறினால் உடனே அவரிடம் சொல்ல வேண்டும்.

ஜலதோஷ மாத்திரையின் பின்பக்கத்தைப் பாருங்கள்

ஜலதோஷத்துக்கு என்று விற்கும் மாத்திரைகள் பெரும்பாலும் கூட்டு மருந்துகள். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், தும்மலுக்குக் குளோர்ஃபெனிரமின், அடைப்புக்கு ஃபினைலெஃப்ரின் என்று ஒரே மாத்திரையில் மூன்று இருக்கும். இதையும் போட்டு, காய்ச்சலுக்குத் தனியாகப் பாராசிட்டமால் 650-ம் போடுவது நம் வீடுகளில் சகஜம். பெரியவருக்கே ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் ஈரலுக்கு ஆபத்து. அட்டையின் பின்னால் உள்ள பெயரைப் படித்துவிட்டு, இரண்டிலும் பாராசிட்டமால் இருந்தால் ஒன்றை விட்டுவிடுங்கள்.

ஃபினைலெஃப்ரினை வாய்வழியே சாப்பிட்டால் மூக்கடைப்பு குறைவதில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023 செப்டம்பரில் ஒரே குரலில் முடிவு சொன்னது. 2024 நவம்பரில் அந்த அமைப்பு, மூக்கடைப்பு மாத்திரைகளிலிருந்து அதை நீக்க முன்மொழிந்தது. பலன் இல்லாத ஒன்றுக்காக இரத்த அழுத்தம் உள்ளவர் ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை.

பிரான்ஸில் உறவினர் உள்ள குடும்பங்கள் நமதூரில் நிறைய. லீவில் வருபவர்கள் அங்கிருந்து ஜலதோஷ மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு. அவற்றில் பலவற்றில் சூடோஎஃபெட்ரின் இருக்கும். அது மூக்கைத் திறக்கும். ஆனால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், அரிதாக மூளையின் இரத்தக் குழாய்களையும் பாதிக்கும். இதனால் 2024 டிசம்பர் 11 முதல் பிரான்ஸிலேயே டாக்டர் சீட்டு இல்லாமல் அது கிடைக்காது. பீரோவில் பழைய பெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரத்த அழுத்தம், இதய நோய், தைராய்டு, கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள்.

மூக்கில் சதை வளர்ச்சியும் ஆஸ்துமாவும் சேர்ந்துள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கடும் மூச்சுத் திணறலை வரவழைக்கும். வலி மாத்திரை கேட்கும்போது ஆஸ்துமா இருப்பதைச் சொல்லுங்கள்.

ஆன்டிபயாடிக்: கேட்டு வாங்காதீர்கள்

ஜலதோஷம் வைரஸ் நோய். அஸித்ரோமைசினோ அமாக்ஸிசிலினோ வைரஸை ஒன்றும் செய்யாது. "போன தடவை மூணு மாத்திரையில் கேட்டது" என்று நாம் சொல்வது, மாத்திரை முடியும் நாளும் ஜலதோஷம் இறங்கும் நாளும் ஒன்றாக அமைவதால்தான். தேவையில்லாமல் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகுகின்றன. நாளை உண்மையான நிமோனியா வரும்போது அதே மருந்து கேட்காமல் போகலாம்.

அட்டையில் செங்குத்தான சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டுடன் மட்டும் வாங்க வேண்டிய மருந்து. செஃபிக்ஸிம் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் 2014 மார்ச் முதல் எச்1 என்ற தனிப் பட்டியலில் உள்ளன. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே சீட்டு இல்லாமல் தர மறுக்கும் கடைக்காரரோடு சண்டை போடாதீர்கள். அவர் நமக்கு நன்மைதான் செய்கிறார்.

பிள்ளைகளுக்கு சிரப் வாங்கும் முன்

2025 அக்டோபரில் நாட்டையே உலுக்கிய செய்தியை மறந்திருக்க மாட்டீர்கள். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளிக்கும் இருமலுக்கும் கோல்ட்ரிஃப் என்ற சிரப் குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்த சிரப் தயாரானது நமக்கு அருகில், காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு மட்டுமே.

நச்சு கலந்தது தயாரித்தவரின் குற்றம். ஆனால் இதில் பெற்றோர் யோசிக்க வேண்டிய இன்னொரு பக்கமும் உண்டு. தானாகச் சரியாகும் சளிக்கு அந்தப் பிஞ்சுகளுக்கு இந்த வகை சிரப் தேவைப்பட்டதா? குளோர்ஃபெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரிலேயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகம் உத்தரவிட்டிருந்தது. சிந்த்வாரா சம்பவத்துக்குப் பின் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றும் அறிவுறுத்தியது.

அப்படியானால் பிள்ளைக்கு என்னதான் செய்வது? கைக்குழந்தைக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு இரண்டு விட்டு, பால் கொடுப்பதற்கு முன் மூக்கைச் சுத்தம் செய்தால் போதும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. காய்ச்சல் இருந்தால் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால். மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மருந்து தேடாமல் உடனே டாக்டர்.

வீட்டுப் பெரியவர்கள் அன்பால் செய்யும் சில வழக்கங்களைக் கனிவோடு நிறுத்தச் சொல்ல வேண்டும். குளிப்பாட்டிய குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா போல் ஆகலாம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விக்ஸ் தடவக் கூடாது. சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து வரும் கோடாலித் தைலத்தையும், கற்பூரம் சேர்ந்த எதையும் குழந்தையின் மூக்குக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம். கொதிக்கும் சட்டியை வைத்து, போர்வை போர்த்திப் பிள்ளைக்கு வேது பிடிப்பதும் வேண்டாம். சட்டி கவிழ்ந்து வெந்துபோகும் குழந்தைகள் உண்டு. பெரியவர்கள் கவனமாக ஆவி பிடிக்கலாம்; கொஞ்ச நேரத்துக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான்.

பிள்ளைக்கு ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே பாசிமணியோ புளியங்கொட்டையோ ரப்பர் துண்டோ சிக்கியிருக்கலாம். நீங்களே குத்தி எடுக்கப் பார்க்காதீர்கள். பொம்மையின் பட்டன் பேட்டரி மூக்கில் போயிருந்தால் சில மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். அது அவசர சிகிச்சை.

உப்புநீர், உளூ, நோன்பு

மூக்கை உப்புநீரால் கழுவுவது ஜலதோஷம், அலர்ஜி, நாள்பட்ட சைனஸ் எல்லாவற்றுக்கும் உதவும் எளிய வழி. அரை லிட்டர் தண்ணீரில் 5 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒரு சிறு தேக்கரண்டி, ஒரு சிட்டிகை சமையல் சோடா. தண்ணீர் மட்டும் கட்டாயம் கொதிக்கவைத்து ஆறவைத்ததாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், தொட்டித் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது.

இதற்குக் காரணம் உண்டு. நெக்லேரியா ஃபௌலெரி என்ற அமீபா, குளோரின் போடாத வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கின் மேல்பகுதிக்குப் போனால் மூளைக்கு ஏறி உயிரைப் பறிக்கும். மிக மிக அரிதான நோய். ஆனாலும் அண்டை மாநிலமான கேரளாவில் அண்மை ஆண்டுகளில் அமீபா மூளைக் காய்ச்சலால் பலர் பாதிக்கப்பட்டார்கள். பாகிஸ்தானின் கராச்சியில் 2008, 2009-ல் 13 பேருக்கு இது வந்ததை அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் நீச்சலடித்தவர்கள் அல்லர். உளூவின்போது மூக்கில் செலுத்திய தண்ணீர் வழியாக வந்திருக்கலாம் என்பது மருத்துவர்களின் கருத்து.

இதைக் கேட்டு உளூவில் மூக்கைச் சுத்தம் செய்யும் சுன்னத்தை யாரும் விட்டுவிட வேண்டியதில்லை. நோன்பு இல்லாத நேரத்தில் மூக்குக்கு நன்றாகத் தண்ணீர் செலுத்தும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி, லகீத் பின் ஸபிரா (ரலி) வழியாக அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. நாம் செய்ய வேண்டியது தண்ணீரைச் சுத்தமாக வைப்பது. பள்ளிவாசல் ஹவுளையும் மேல்நிலைத் தொட்டியையும் நிர்வாகிகள் முறையாகக் கழுவி, குளோரின் போட வேண்டும். வீட்டுத் தொட்டியையும் அப்படியே கவனிக்க வேண்டும். பாசி பிடித்த குளத்தில், வெயில் காலத்துக் கலங்கல் தண்ணீரில் மூக்கை ஆழமாக உறிஞ்சாமல் இருப்பது நல்லது.

ரமலானில் எழும் கேள்வி: மூக்கில் மருந்து போட்டால் நோன்பு முறியுமா? மூக்கு வழியே உள்ளே இறங்குவது நோன்பை முறிக்கும் என்பது நம் பகுதியில் பின்பற்றப்படும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபு நூல்களில் உள்ள கருத்து. 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, தொண்டைக்கு வந்ததை விழுங்காமல் தவிர்த்துக்கொண்டால் மூக்குச் சொட்டும் ஸ்ப்ரேயும் நோன்பை முறிக்காது என்று தீர்மானித்தது. உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் இந்தச் சிக்கலே வராமல் பார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஸ்டீராய்டு ஸ்ப்ரே நாளுக்கு ஒரு தடவை போதும் என்றால் தராவீஹுக்குப் பின் அடிக்கலாம். இரண்டு தடவை என்றால் இஃப்தாருக்குப் பிறகும் ஸஹரிலும் அடிக்கலாம். அலர்ஜி மாத்திரை பலவும் நாளுக்கு ஒன்றுதான். நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று பார்மசிஸ்டிடம் கேளுங்கள்.

சர்க்கரை நோயாளிகள் அலட்சியம் செய்யக் கூடாத அடையாளங்கள்

2021-ல் கொரோனா இரண்டாம் அலையின்போது கருப்புப் பூஞ்சை நோய் பரவியதும், அந்த மே மாதம் தமிழ்நாடு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியதும் நினைவிருக்கும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும், அளவுக்கு மீறிய ஸ்டீராய்டும் அதற்கு முக்கியக் காரணங்களாக இருந்தன. கொரோனா அலை போனாலும் அந்தப் பூஞ்சை போகவில்லை. தொடக்கத்தில் அது சாதாரண சைனஸ் தொந்தரவு போலவே தெரியும். அதனால்தான் மெடிக்கலில் சர்க்கரை இருப்பதைச் சொல்ல வேண்டும் என்கிறோம்.

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் மெடிக்கலில் நிற்காமல் அரசு பொது மருத்துவமனை அவசரப் பிரிவுக்கோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ அன்றே போங்கள்:

• மூக்கிலிருந்து கறுப்பாகவோ இரத்தம் கலந்தோ வருவது, மேலண்ணத்தில் கறுப்புத் தடம்
• கன்னம் மரத்துப்போவது, ஒரு பக்க முகம் வீங்குவது
• கண்ணைச் சுற்றி வீக்கம், கண் பிதுங்குவது, பார்வை மங்குவது அல்லது இரண்டிரண்டாகத் தெரிவது
• தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, நினைவு தடுமாற்றம்
• அடிபட்ட பிறகு ஒரு பக்க மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டுவது

பெரியவர்களுக்கு ஒரு பக்க மூக்கு மட்டும் வாரக் கணக்கில் அடைத்து, அடிக்கடி இரத்தம் கசிந்தால் அதையும் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அடைப்பு, வாசனை தெரியாமல் போவது ஆகியவற்றுக்கு மூக்குச் சதை, தண்டு வளைவு போன்ற காரணங்கள் இருக்கலாம். மாத்திரையை மாற்றி மாற்றி வாங்குவதால் அவை தீராது.

மெடிக்கலில் சொல்ல வேண்டியவை, கேட்க வேண்டியவை

மருந்தைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் கொடுக்க வேண்டும் என்பது 1948-ம் ஆண்டு பார்மசி சட்டம். மருந்து பற்றி நோயாளிக்கு விளக்கம் சொல்வதும் அவர் பணி என்கின்றன 2015-ல் வந்த விதிமுறைகள். ஆகவே அவரிடம் கேட்பது நம் உரிமை. அடுத்த முறை "ஏதாவது கொடுங்க" என்பதற்குப் பதில் இவற்றைச் சொல்லுங்கள்:

• மருந்து யாருக்கு, வயது என்ன. பிள்ளை என்றால் எடை எவ்வளவு
• எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, ஒரு பக்கமா இரு பக்கமா
• சர்க்கரை, இரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா, தைராய்டு, கண் அழுத்தம், புராஸ்டேட் தொந்தரவு உண்டா
• கர்ப்பிணியா, பால் கொடுக்கும் தாயா
• இப்போது வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார், எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா

பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: இதில் என்ன மருந்து இருக்கிறது? எத்தனை நாள் போட வேண்டும்? எந்த நிலை வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்? பிள்ளையை மருந்து வாங்க அனுப்பினால் இந்த விவரங்களைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒரு சொல். கர்ப்ப காலத்தில் ஜலதோஷம் இல்லாமலேயே மூக்கு அடைப்பது உண்டு. பிரசவத்துக்குப் பின் அது தானாகப் போய்விடும். அதுவரை உப்புநீரும், தலையைச் சற்று உயர்த்திப் படுப்பதும் போதும். வேறு எந்த மருந்தையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

அல்லாஹ் எந்த நோயையும் நிவாரணம் இல்லாமல் இறக்கவில்லை என்பது நம் நம்பிக்கை. அந்த நிவாரணத்தைச் சரியான அளவில், சரியான நாளில், சரியான ஆளுக்குக் கொடுப்பது நம் பொறுப்பு. இந்தக் கட்டுரையை வீட்டில் உம்மாவுக்கும், பிள்ளை வளர்க்கும் சகோதரிகளுக்கும், தனியாக இருக்கும் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.